யார் எந்தப் பக்கம்?

மைசூர் அக்ரஹாரத்தின் பழைய வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். ராமானுஜ ரோட்டிலும் தியாகராஜ ரோட்டிலும், நூற்றொரு கணபதி கோயிலை ஒட்டிய தெருக்களிலும் இன்னும் இடிபடாமல் நிற்கும் வீடுகளின் வாசலில் நின்றால், கூடம், நடை, சமையலறை, கொல்லை என்று பின்கட்டு வரை கண் ஒரே நேர்கோட்டில் ஓடும். சுவர்கள் கனமானவை. ஃபைபர் இணைப்பு தருகிறவர் தெருக் கம்பத்திலிருந்து இழையை இழுத்துவந்து, வாசலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். கூடத்தில் வைஃபை நன்றாக வருகிறது. பின்கட்டில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு வருவதில்லை.

நகரம் முழுவதும் வைஃபை வந்த முதல் இந்திய ஊர் என்று 2004-ல் பெயர் வாங்கியது இதே மைசூர்தான். வைஃபைநெட் என்ற நிறுவனம் அதற்கான ஏற்பாட்டைச் செய்தது. ஊர் முழுக்க அலை பரவுவது ஒன்று, வீட்டுக்குள் நாலு சுவரைத் தாண்டுவது வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நீளம் குறைந்த அலை செங்கல்லுக்குள் புகும்போது அதிகமாகத் தேய்கிறது. வேகம் தரும் அலைவரிசைதான் கனத்த சுவரிடம் முதலில் தோற்கிறது. ஆகவே வாசலிலிருந்து பின்கட்டுக்கு ஈதர்நெட் கேபிள் இழுப்பதே நம்பத்தக்க வழி. சரி, கேபிள் போட்டாயிற்று. அதன் மறுமுனையில் எதை வைப்பது?

பெரும்பாலோர் கடைக்குப் போய் இன்னொரு ரவுட்டர் வாங்கிவந்து மாட்டுகிறார்கள். இணையம் வந்துவிடுகிறது. வேறு தொல்லைகள் ஆரம்பிக்கின்றன. பின்கட்டில் இருக்கும் ஃபோனுக்குக் கூடத்து டிவி தெரியவில்லை. பிரிண்டர் 'இல்லை' என்கிறது. காரணம் எளிது: ரவுட்டர் என்பது ஒரு எல்லை. வாசல் பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகிறது என்றால், பின்கட்டுப் பெட்டி 192.168.0 என்று தொடங்குபவற்றைத் தருகிறது. ஒரே வீட்டில் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள் உண்டாகிவிட்டன. ஃபோன் ஒரு டிவியையோ பிரிண்டரையோ தேடும்போது 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு ஒரு கேள்வியை அனுப்புகிறது. அந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. ரவுட்டர் விதிப்படிதான் நடக்கிறது. நாம்தான் எல்லை தேவையில்லாத இடத்தில் எல்லையைப் போட்டோம்.

அங்கே வேண்டியது பிரிட்ஜ். இரண்டு கம்பிகளை ஒரே கம்பிபோல் நடந்துகொள்ளச் செய்யும் கருவி அது. அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டிய அவசியமில்லை. பரணில் கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸ் ஓடினால், இரண்டு ஈதர்நெட் துளைகள் இருந்தால், அதுவே பிரிட்ஜ் ஆகிவிடும். தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் எத்தனையோ வீடுகளில் இன்று தூங்குகின்றன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படிப்பட்ட மடிக்கணினியில் ஒரு ஈதர்நெட் துளைதான் இருக்கும். யூஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் அடாப்டர் ஒன்று இரண்டாவது துளையைத் தந்துவிடும்.

இந்த வேலையைச் செய்து பார்க்கச் சொல்வதற்கு எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. இதே வேலைக்குக் கடையில் வாங்கும் ஸ்விட்ச் மூடிய பெட்டி. உள்ளே நடப்பது தெரியாது. லினக்ஸ் பிரிட்ஜில் அத்தனையும் கண்முன்னே நடக்கும்.

பிரிட்ஜ் இணைக்கும் ஈதர்நெட்டின் மூல யோசனை வானொலியிலிருந்து பிறந்தது. மைசூருக்கு வானொலி வரலாற்றில் தனி இடம் உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-ல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தை ஏற்படுத்தினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அந்த வீட்டு நிலையத்துக்கு வைக்கப்பட்டதுதான். நாட்டின் வானொலிக்கே அது பிறகு பெயராயிற்று. வானொலியில் ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனின் குழு இயக்கிய அலோஹாநெட், கணினிகளை இப்படித்தான் ஒரே அலைவரிசையில் பேச வைத்தது. இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டும் கெட்டுவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி பேச வேண்டும். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் 1973-ல் அதைக் கம்பிக்குள் கொண்டுவந்தார்கள். அதுதான் ஈதர்நெட். அதன் முதல் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். ஒரே தடித்த கம்பி; எல்லாக் கணினிகளும் அதில் கோத்திருக்கும்; ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும்.

பத்துக் கணினி இருக்கிறவரை இது போதும். நூறானால் கூச்சல்தான் மிஞ்சும். கம்பியை இரண்டாக வெட்டி, நடுவே ஒரு கருவியை வைத்து, அந்தப் பக்கம் போக வேண்டியதை மட்டும் அந்தப் பக்கம் விட்டால் என்ன? அமெரிக்காவின் டெக் நிறுவனத்தில் மார்க் கெம்ப் என்ற பொறியாளர் 1980களின் முற்பகுதியில் செய்தது இதைத்தான். ஆனால் நடுவே நிற்கும் கருவிக்கு எந்தக் கணினி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? யாராவது பட்டியல் எழுதித் தர வேண்டுமா? கணினியை இடம் மாற்றினால் பட்டியலையும் மாற்ற வேண்டுமா?

கெம்பின் விடையைப் புரிந்துகொள்ள ஒரு ஃபிரேமின் தலைப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஈதர்நெட்டில் தரவு ஃபிரேம்களாகப் போகிறது. ஒவ்வொரு ஃபிரேமின் முன்னாலும் 6 பைட் பெறுநர் முகவரி, அடுத்து 6 பைட் அனுப்புநர் முகவரி, அடுத்து 2 பைட்டில் உள்ளே இருப்பது என்ன வகை என்ற குறிப்பு. பிறகு 46 முதல் 1500 பைட் வரை சரக்கு. கடைசியில் 4 பைட் பிழைச் சோதனை எண். அந்த 6 பைட் முகவரிதான் மேக் முகவரி. கருவி தயாராகும்போதே அதில் பதிக்கப்படுவது. பெறுநரைத் தேடி அனுப்புவதுதான் வேலை என்பதால், யாராக இருந்தாலும் முதலில் பெறுநர் முகவரியைப் பற்றித்தான் யோசிப்பார்கள். பிரிட்ஜ் முதலில் பார்ப்பது அனுப்புநர் முகவரியை.

அக்ரஹாரத்தில் இரு தெரு கூடும் முனைவீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் யாரிடமும் முகவரி விசாரிப்பதில்லை. யார் எந்தத் தெருவிலிருந்து வெளியே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். நாலு நாளில் யார் வீடு எந்தத் தெருவில் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பிரிட்ஜும் அவ்வளவுதான். முதல் துளை வழியாக ஒரு ஃபிரேம் வந்தால், அதன் அனுப்புநர் முதல் துளைப் பக்கம் இருக்கிறார் என்று எழுதிக்கொள்கிறது. பிறகுதான் பெறுநரைப் பார்க்கிறது. பெறுநர் மறுபக்கம் இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தால் அங்கே அனுப்புகிறது. வந்த பக்கத்திலேயே இருக்கிறார் என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறது. தெரியவே தெரியாது என்றால் மற்ற எல்லாத் துளைகளிலும் அனுப்பிவிடுகிறது. பெறுநர் எங்கிருந்தாலும் கிடைத்துவிடும். அவர் பதில் சொல்லும்போது அவர் இருக்கும் பக்கமும் தெரிந்துவிடும்.

இதில் எதையும் யாரும் அமைத்துத் தர வேண்டாம். தவறாகத் தெரிந்துகொண்டாலும் பெரிய கேடில்லை, ஏனென்றால் பிரிட்ஜ் மறக்கவும் செய்கிறது. ஒரு முகவரியிலிருந்து 300 விநாடிக்கு எந்தப் பேச்சும் வராவிட்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். லினக்ஸிலும் இயல்பான அளவு அதுவே. மடிக்கணினியைக் கூடத்திலிருந்து பின்கட்டுக்குக் கொண்டுபோனால், அங்கிருந்து அது அனுப்பும் முதல் ஃபிரேமே பழைய பதிவைத் திருத்திவிடும். கற்பதும் மறப்பதும் சேர்ந்து ஒரு பராமரிப்பாளரே தேவைப்படாத கருவியை உண்டாக்கின. கணினித் துறையில் இத்தனை சிறிய யோசனை இத்தனை பெரிய சுமையைத் தாங்குவது அபூர்வம் என்று நினைக்கிறேன்.

இரண்டு துளை இருந்தால் பிரிட்ஜ். துளைகள் கூடினால் அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளிப் பொறியாளரும் லாரி பிளேரும் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கல்பனா நிறுவனம், ஏழு துளை கொண்ட ஈதர்ஸ்விட்ச்சை 1990-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கல்பனா என்பது பரத்வாஜின் மனைவி பெயர். 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இன்று கடையில் விற்கும் ஐந்து துளை ஸ்விட்ச் அந்த வழியில் வந்தது.

லினக்ஸுக்கு வருவோம். லினக்ஸ் பிரிட்ஜை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த லென்னர்ட் பாய்டன்ஹெக். பின்னாளில் ஸ்டீஃபன் ஹெமிங்கர் அதைப் பேணினார். அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 'ஐபி லிங்க் ஆட்' கட்டளையால் பிஆர்0 என்று ஒரு பிரிட்ஜை உண்டாக்குகிறோம். 'ஐபி லிங்க் செட்' கட்டளையால் இரண்டு ஈதர்நெட் துளைகளுக்கும் பிஆர்0-வை எஜமானாக அமைக்கிறோம். மூன்றையும் 'அப்' என்று எழுப்புகிறோம். அவ்வளவுதான், பிரிட்ஜ் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பழைய புத்தகங்களில் 'பிஆர்கண்ட்ரோல்' என்ற கருவியைப் பார்ப்பீர்கள். அதன் வேலையை இப்போது 'ஐபி'யும் 'பிரிட்ஜ்' என்ற கட்டளையும் செய்கின்றன.

இதில் இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். ஒரு துளை பிரிட்ஜில் சேர்ந்துவிட்டால் ஐபி முகவரி அந்தத் துளைக்கு உரியதல்ல, பிஆர்0-வுக்கு உரியது. ஆகவே முகவரியை அங்கே மாற்ற வேண்டும். இதைத் தொலைவிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து செய்தால், நிற்கிற கிளையையே வெட்டிக்கொள்வோம். கீபோர்டு முன்னால் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். சொல்லப்போனால், ஃபிரேம்களைக் கடத்துவதற்குப் பிரிட்ஜுக்கு ஐபி முகவரியே தேவையில்லை. நாம் அந்தக் கணினிக்குள் நுழைவதற்குத்தான் முகவரி. ரவுட்டர் தன்னைக் கடக்கும் ஒவ்வொரு பாக்கெட்டின் ஆயுள் எண்ணிலும் ஒன்றைக் குறைக்கிறது, மேக் முகவரிகளையும் மாற்றி எழுதுகிறது. பிரிட்ஜ் ஒரு பைட்டைக்கூடத் தொடாமல் அனுப்புகிறது. அதனால் இருபக்கக் கணினிகளுக்கும் நடுவே ஒன்று இருப்பதே தெரியாது.

இரண்டாவது சிக்கல் அதே கணினியில் டாக்கர் என்ற மென்பொருள் இருந்தால் வரும். டாக்கர் தன் பாதுகாப்புக்காக, கணினியைக் கடந்துபோகும் போக்குவரத்தை இயல்பாகவே தடுக்கும்படி ஃபயர்வால் விதியை அமைக்கிறது. பிரிட்ஜில் போகும் ஃபிரேம்களையும் அந்த விதிக்கு உட்படுத்தும் பிஆர் நெட்ஃபில்டர் என்ற கெர்னல் பகுதி இயங்கினால், அமைப்பில் எந்தப் பிழையும் இல்லாமலே பிரிட்ஜ் ஊமையாகிவிடும். பல மணி நேரத்தை விழுங்கக்கூடிய சிக்கல் இது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் ஐந்து நிமிடம்தான்.

இப்போது 'பிரிட்ஜ் எஃப்டிபி ஷோ' என்று அடித்துப் பாருங்கள். பிரிட்ஜின் நினைவு திரையில் வரும். ஒவ்வொரு வரியிலும் ஒரு மேக் முகவரி, எதிரே அது இருக்கும் துளை. கூடத்து டிவியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், அதன் வரி போயிருக்கும். ஒரு ஃபோன் வைஃபையில் இணைந்தால் அந்தக் கணமே புதிய வரி முளைக்கும். முகவரியின் முதல் மூன்று பைட்டுகள் தயாரிப்பாளரைக் காட்டுபவை. ஆனால் ஃபோன்களில் அந்த அடையாளம் பெரும்பாலும் கிடைக்காது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து ஃபோன்கள் வைஃபைக்குப் பொய் முகவரி ஒன்றை உண்டாக்கிக்கொள்கின்றன, போகுமிடமெல்லாம் பின்தொடரப்படாமல் இருப்பதற்காக. முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது ஆலையில் பதித்த முகவரி அல்ல என்று கண்டுகொள்ளலாம். பாடப்புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் தங்காத விஷயம், இந்தப் பட்டியலைப் பத்து நிமிடம் பார்த்தால் பதிந்துவிடும்.

வேகம் போதுமா என்று கேட்பார்கள். கிகாபிட் கம்பியில் மிகச் சிறிய ஃபிரேம்களாகவே வந்தால் விநாடிக்கு 14,88,095 வரை வரலாம். முழு நீள ஃபிரேம்கள் என்றால் 81,274 தான். கடை ஸ்விட்சில் இதற்கென்றே செய்த சிப் உண்டு; நம் கணினியில் பொதுவான பிராசஸர் ஒவ்வொரு ஃபிரேமையும் எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ஓடும் வீடியோவும் பதிவிறக்கமும் முழு நீள ஃபிரேம்கள் என்பதால் பழைய கணினிக்கும் அது பாரமல்ல. யூஎஸ்பி 2 அடாப்டர் போட்டால் அதன் உச்சமே 480 மெகாபிட். 100 மெகாபிட் இணைப்பு உள்ள வீட்டுக்கு அதுவும் தாராளம்.

பிரிட்ஜுக்கு ஒரே ஒரு பெரிய பலவீனம் உண்டு. அது சுழல். இரண்டு பிரிட்ஜுகளுக்கு நடுவே தெரியாமல் இரண்டு கேபிள்கள் போட்டுவிட்டால், எல்லோருக்கும் போக வேண்டிய ஃபிரேம் ஒன்று ஒரு கேபிளில் போய் மற்றதில் திரும்பி வரும். மறுபடி போகும். ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண் உண்டு. அதிகபட்சம் 255 தாவலில் அது செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒரு எண் இல்லை. அது சாகவே சாகாது. சில விநாடிகளில் கம்பி முழுவதும் அந்தச் சுழலால் நிரம்பி, வீட்டில் ஒன்றுமே இயங்காது. துளை காலியாக இருக்கிறதே என்று கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடுகிற பிள்ளையும் இதைச் செய்துவிடலாம்.

இதற்குத் தீர்வு கண்டவர் ரேடியா பெர்ல்மன். 1985-ல் டெக் நிறுவனத்தில் அவருடைய மேலாளர் டோனி லாக், ஒரு வார விடுப்பில் கிளம்புகிற வெள்ளிக்கிழமை இந்தப் புதிரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவே வழி தெரிந்துவிட்டது என்று பெர்ல்மன் சொல்லியிருக்கிறார். திங்களும் செவ்வாயும் உட்கார்ந்து விவரக்குறிப்பை எழுதி முடித்தார். மிச்ச வாரத்தில் அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். 'ஸ்பேனிங் ட்ரீ' என்ற அந்த முறையில் பிரிட்ஜுகள் தங்களுக்குள் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கின்றன. தலைவரை அடையும் மிகக் குறுகிய வழியை மட்டும் வைத்துக்கொண்டு, சுழல் உண்டாக்கும் மற்றத் துளைகளை அடைத்துவிடுகின்றன. ஒரு கேபிள் அறுந்தால் அடைத்ததைத் திறந்துகொள்கின்றன. 1990-ல் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு இதை 802.1டி தரத்தில் சேர்த்தது. தலைவருக்கான தகுதி எண் எல்லாவற்றிலும் இயல்பாக 32768. எண்கள் சமமானால் மேக் முகவரி சிறியதாக உள்ளதே தலைமை ஏற்கும். வீட்டிலேயே மெதுவான பெட்டி தலைவராகிவிடவும் வாய்ப்புண்டு.

இதைச் சாதாரணமாக நினைக்க முடியாது. 2002 நவம்பர் 13 அன்று பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் ஸ்விட்சோடு ஸ்விட்சைச் சேர்த்துக்கொண்டே போனதில், ஸ்பேனிங் ட்ரீ கையாளக்கூடிய ஏழு தாவல் எல்லையை அந்த நெட்வொர்க் தாண்டியிருந்தது. பெரும் தரவு ஒன்று பாய்ந்தபோது ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக முடியாமல் சுழலில் சிக்கின. சுமார் நான்கு நாள் மருத்துவர்கள் காகிதத்தில் எழுதி வைத்தியம் பார்த்தார்கள். லினக்ஸ் பிரிட்ஜில் ஸ்பேனிங் ட்ரீ இயல்பாக அணைந்தே இருக்கிறது. வீட்டில் இரண்டாவது ஸ்விட்ச் வந்ததுமே அதை இயக்கிவிடுங்கள். இயக்கினால் ஒவ்வொரு துளையும் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, பிறகுதான் திறக்கும். அந்த அரை நிமிடத்தைக் கோளாறு என்று எண்ணி கேபிளைப் பிடுங்க வேண்டாம்.

கடைசியாக வைஃபை. மடிக்கணினியில் ஏற்கெனவே வைஃபை இருக்கிறதே, வாசல் பெட்டியோடு அதன் வழியாகவே இணைந்து, பின்கட்டு ஈதர்நெட் துளையோடு பிரிட்ஜ் செய்துவிட்டால் கேபிளே வேண்டாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் லினக்ஸ் மறுத்துவிடும். வைஃபை ஃபிரேமில் சாதாரணமாக மூன்று முகவரிகளுக்குத்தான் இடம். இணைந்த கருவி, வாசல் பெட்டிக்கு அனுப்பும்போது அவை: பெட்டியின் முகவரி, அனுப்பும் கருவியின் முகவரி, இறுதிப் பெறுநரின் முகவரி. அலையில் அனுப்புகிறவரும் செய்தியை முதலில் எழுதியவரும் ஒருவரே என்று அந்த வடிவமைப்பு எடுத்துக்கொள்கிறது. பின்னால் இன்னொரு கணினி இருந்தால் அதன் முகவரியை எழுத இடமில்லை. அனுப்புநர் முகவரி இல்லையென்றால் பிரிட்ஜ் எதைக் கற்கும்? நான்கு முகவரி எழுதும் முறை ஒன்று உண்டு. இரு முனையும் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும், இணைப்பு நிறுவனம் மாட்டிய பெட்டி பெரும்பாலும் ஒப்புக்கொள்ளாது.

எதிர்த்திசை சுலபம். கேபிள் பின்கட்டுக்கு வந்துவிட்டதால், ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரலால் மடிக்கணினியின் வைஃபையையே ஒலிபரப்பும் நிலையமாக மாற்றி, அதை பிஆர்0-வில் சேர்க்கலாம். வாசலில் உள்ள வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே இங்கும் கொடுத்தால் ஃபோன் நடந்துபோகும்போது தானாக மாறிக்கொள்ளும். ஐபி முகவரி மாறாது, டிவியும் தெரியும், பிரிண்டரும் தெரியும்.

வாசலில் மாட்டிய பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. 2002 டிசம்பரில் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை மறு ஆண்டு ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. அதைப் போட்ட எந்த ரவுட்டரிலும் துளைகளையும் வைஃபையையும் இணைக்கும் பிரிட்ஜ் ஒன்று பிஆர்-லேன் என்ற பெயரில் இருக்கும். நாம் பரணிலிருந்து எடுத்த கணினியில் அமைத்த அதே நிரல்.

மின்கட்டணத்தை மறக்கக் கூடாது. 50 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் இரவும் பகலும் ஓடினால் மாதம் 36 யூனிட். 3 வாட் ஸ்விட்ச் இரண்டு யூனிட்டோடு நின்றுவிடும். துளைகள் மட்டும்தான் வேண்டும் என்றால் ஸ்விட்ச் வாங்குவதே சரி. கோப்புகள் வைக்கவோ வேறு வேலைக்கோ கணினி எப்படியும் ஓடிக்கொண்டிருந்தால் பிரிட்ஜ் அதன் மேல் கூடுதல் செலவில்லாமல் அமரும். மடிக்கணினி டெஸ்க்டாப்பைவிட மிகக் குறைவாக இழுக்கிறது, பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் மின்வெட்டிலும் தாக்குப்பிடிக்கும். வாசல் பெட்டிக்கும் ஒரு சிறு யூபிஎஸ் வைத்துவிட்டால், கரண்ட் போன நேரத்திலும் பின்கட்டுப் பிள்ளையின் வகுப்பு நிற்காது.